கடைசி வரிசைக் கார்னெட்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெனிக்குக் கோபமே வராது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால் அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். வீண்வேலை.

நானும் அவளும் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் மிளகாய் மண்டியில் வேலை பார்க்கிறோம். வற்றலைக் காம்பு கிள்ளி, தரம் பிரித்து, பையில் போட வேண்டும். முதல் வாரம் தும்மிக்கொண்டே இருப்போம். பிறகு மூக்கு செத்துப்போகும், பழகிவிடும். ரெனி மட்டும் இத்தனை வருடமாகியும் வாயை ஈரத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் உட்காருவாள். வெயில் காலத்தில்கூட அவிழ்க்க மாட்டாள். பெரிய மகாராணி என்று மற்றப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவள் காப்பாற்றியது உதட்டை. மிளகாய்க் காந்தல் பட்ட உதட்டைக் கார்னெட்டின் வாயில் வைத்து அழுத்தினால் உயிர் போகும். அவள் கார்னெட் வாசிக்கிறவள்.

கார்னெட் என்றால் டிரம்பெட்டின் தங்கை மாதிரி. குட்டையாக, சுருண்டு, கைக்குள் அடங்கும். மேலே மூன்று பொத்தான், அவ்வளவுதான். மூன்று விரலும் ஒரு ஜோடி உதடும் இருந்தால் முழுப் பாட்டையும் எடுத்துவிடலாம் என்று ரெனி சொல்வாள். கேட்க லேசாகத்தான் இருக்கிறது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நானும் பேண்ட் செட்டில்தான் இருக்கிறேன். பத்மகுமாரின் லேடீஸ் பேண்ட். கல்யாணம், சர்ச் திருவிழா, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் போவோம். நான் யூஃபோனியம். பெரிய குழல், மடியில் வைத்தால் ஒரு பிள்ளை அளவுக்கு இருக்கும். ஆனால் அதில் இதுவரை ஒரு சத்தமும் நான் எழுப்பியதில்லை. நான் டம்மி. வாய் வைக்கிற இடத்துக்குக் கீழே குழலுக்குள் துணியைத் திணித்து வைத்திருப்பார் பத்மகுமார். தவறிப்போய்க்கூடக் காற்று போகாது. கன்னத்தை உப்பிக்கொண்டு, தொப்பியும் ஜரிகைச் சட்டையுமாக நடக்க வேண்டும். எங்கள் செட்டில் பாதிப் பேர் இப்படித்தான். ஆள் நிறைய இருந்தால்தான் பேண்ட் என்று ஒத்துக்கொள்வார்கள். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. நான் வாசிக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

எங்களில் யார் உண்மையில் வாசிக்கிறவர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஊதுகிறவர்களின் மூச்சு குழலுக்குள் நீராகச் சேரும். குழலின் வளைவில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு அதை அழுத்தி ஊதினால் நீர் தரையில் சொட்டும். அவர்கள் நின்ற இடம் நனைந்திருக்கும். டம்மிகள் நின்ற இடம் காய்ந்து கிடக்கும். ஆனால் திருவிழாவுக்கு வருகிறவர்கள் தரையையா பார்க்கிறார்கள்? முன்னால் நிற்கிற முகத்தைப் பார்க்கிறார்கள்.

முன்னால் நின்றது ஆர்ஷா. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ரெனியின் அப்பா ஜெபசிங் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கொத்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். ரெனி பிறந்தது, படித்தது எல்லாம் இந்த ஊரில், மலையாளப் பள்ளிக்கூடத்தில். பள்ளி பேண்டில் உயரமான பெண்களை டிரம்முக்குப் போடுவார்கள். இவளையும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். கார்னெட் வைத்திருந்த பெண் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டதால் ஊத முடியாமல் போக, ரெனி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். மற்ற எல்லோரும் சேர்ந்துதான் வாசிக்க வேண்டும், இது ஒன்றுதான் முதலில் தனியாகப் பேசும், அதனால் பிடித்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஜில்லாப் போட்டியில் பள்ளி ஜெயித்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியில் கார்னெட்டைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மிளகாய் மண்டி. புருஷன் பொன்முடியில் எஸ்டேட் லாரி ஓட்டுகிறான். நல்லவன்தான், பேச்சு கம்மி. பத்மகுமார் பெண்களை வைத்து பேண்ட் ஆரம்பிக்கிறார் என்று கேள்விப்பட்டு ரெனி போய் நின்றாள். ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினாள். அவர் அடுக்களையிலிருந்து பெண்டாட்டியைக் கூப்பிட்டு, “இதொண்ணு கேக்கு” என்று கேட்கச் சொன்னாராம். பிறகு ரெனியை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். கறுப்பு, நாற்பதை நெருங்குகிற வயது, கொஞ்சம் சதை.

“நீ பின்னால நின்னா மதி, அது போதும். வாசிக்கிறது நீதான், கேட்டோ. முன்னால ஒரு சின்னக் குட்டிய நிறுத்தறேன். பார்க்கிறவங்களுக்கு ஒரு இது வேணும்லே.”

இவள் சரி என்று சொல்லிவிட்டாள். இதை முதலில் கேட்டபோது மிளகாய்ச் சாக்கை அவள் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்கு இருந்தது. “வேற எந்த பேண்ட்ல பொம்பளைக்குக் கார்னெட் குடுப்பான், கௌசி? ஊதணும்னா இதுதான் வழி” என்றாள். அது சரிதான். எதிராளி சொல்வது சரியாக இருந்தால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறும்.

வீட்டில் ஊத முடியாது, ஒட்டி ஒட்டி இருக்கிற லைன் வீடு. அதனால் பத்மகுமார் கொடுத்த கார்னெட் மண்டியிலேயே இருந்தது. வேலை முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊதுவாள். அத்தனை சாக்கும் சத்தத்தைக் குடித்துவிடும், தெருவுக்கு ஒன்றும் போகாது. “எலி ஓடுதுல்லா, ஊதட்டும்” என்று அண்ணாச்சி விட்டுவிட்டார். நான் சில நாள் கூட இருந்து கேட்டிருக்கிறேன். கடைசி மூட்டையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினால், இந்த நாற்றமும் காந்தலும் எங்கேயோ போய்விடும். அவளுடைய அண்ணன்கூட அதைக் கேட்டதில்லை. கேட்டது நானும் எலிகளும்தான்.

ஆர்ஷா வந்த கதை இதுதான். அழகான பெண், ஒல்லி, சிரித்தால் குழி விழும். அவளுக்குத் தலைவியின் தொப்பி, சிவப்பு இறகு வைத்தது. துணி அடைத்த கார்னெட். அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும், நடுவில் முத்துக்குடை பிடிக்கிறவர்கள், குடைக்குப் பின்னால் கடைசி வரிசையில் ரெனி, அவள் பக்கத்தில் நான். ஆர்ஷா குழலைத் தூக்குவாள், ரெனி ஊதுவாள். கரமனைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ‘திருவனந்தபுரத்தின் கார்னெட் குட்டி’ என்று தலைப்பு. ஊர் முழுக்கப் பார்த்தது. டீக்கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் ரெனியின் ஊத்து ஆர்ஷாவின் முகத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

பத்மகுமாருக்கு புக்கிங் குவிந்தது. ரெனி எப்போதும்போல மண்டிக்கு வந்து காம்பு கிள்ளினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில் அவள் அண்ணன் ஷிபு வீட்டில் பிள்ளைக்குப் புது நன்மை, முதல் முறை நற்கருணை வாங்குகிற விசேஷம். ஷிபு டைல்ஸ் கான்ட்ராக்டர், அவர்கள் பங்கு மாதா கோயிலின் திருநாள் கமிட்டியில் பெரிய ஆள். விருந்தில் ஷிபுவின் மனைவி ரெஷ்மா எல்லோர் முன்னாலும் போனை நீட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்:

“மைனி, ஒங்களையும் பார்த்தேன் கேட்டியளா. பின்னால, குடைக்கடியில. சும்ம பிடிச்சிட்டு நிக்கதுக்கும் கூலி உண்டுல்லா?”

“அந்த ஊத்து எனக்கதாக்கும்” என்று ரெனி சொன்னாள். பந்தியே சிரித்தது. ஷிபு அவள் தோளைத் தட்டி, “சரி சரி, ஒனக்கதுதான்” என்றானாம், நிலாவைக் கேட்கிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. “ரெண்டு பெத்த பெறவு இவளுக்கு மூச்சுக்கு எங்க போவ” என்று பக்கத்தில் இருந்தவரிடம் வேறு சொல்லியிருக்கிறான்.

மறுநாள் மண்டியில் காம்பு கிள்ளிக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“கார்னெட்ட எடுத்துட்டுப் போய் அவன் வாசல்ல நின்னு ஊது” என்றேன் நான்.

“நிரூபிச்சுக் காட்டணுமாக்கும்? கூடப் பொறந்தவனுக்கு?” என்றாள். ஒரு கைப்பிடி வற்றலைப் பையில் போட்டுவிட்டு, “எங்க கோயில் திருநாளுக்கு நம்ம செட்டுதான் புக் ஆயிருக்கு. கொடிமரத்தடியில நான் முன்னால நிப்பேன். அண்ணைக்கு எல்லாரும் பாக்கட்டும். எனக்கு அது போதும்” என்றாள்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சப்பரம் புறப்படும் முன்னால், கொடிமரத்தடியில் மாதா பாட்டின் முதல் வரியைக் கார்னெட் தனியாக எடுக்க வேண்டும். டிரம் கிடையாது, மணி கிடையாது. சப்பரம் தூக்குகிறவர்கள் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்துக் குனிந்து நிற்பார்கள். அந்த வரி முடிந்தால்தான் நிமிர்வார்கள். சின்ன வயதில் ரெனி கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்ட வரி அது. கார்னெட்மேல் அவளுக்கு ஆசை வந்ததே அங்கேதான்.

பத்மகுமாரிடம் முன்கூட்டியே கேட்டாள். “நோக்காம், நோக்காம்” என்றார். இந்த ஊரில் பார்க்கலாம் என்று இப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

திருநாளன்று சாயங்காலம் கோயில் பின்பக்கம் வேனை நிறுத்தி உடை மாற்றிக்கொண்டிருந்தோம். பத்மகுமார் இறகு வைத்த தொப்பியை எடுத்து, துடைத்து, ஆர்ஷாவின் தலையில் வைத்தார்.

“சேட்டா” என்றாள் ரெனி. “இண்ணைக்கு நான்னு சொன்னேன்லா.”

“எனக்குப் பிரச்சனை இல்ல ரெனீ. கமிட்டி பறஞ்சதாணு. வீடியோவில வந்த குட்டிதான் முன்னால வேணும்னு. உன் அண்ணன்தான் போன்ல விளிச்சு ஸ்பெஷலாச் சொன்னாரு. வேணும்னா கேட்டு நோக்கு.”

ஷிபு அங்கேயேதான் நின்றான். பட்டு வேஷ்டி, புதுச் செருப்பு, கையில் வாக்கி டாக்கி. ரெனி போய் அவன் முன்னால் நின்றாள். நானும் யூஃபோனியத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியட்டும் என்றுதான்.

“அண்ணா, நீ சொன்னியா?”

“பின்ன என்ன? நீ சும்ம பிடிச்சிட்டு நிக்கிய ஆளு. முன்னால வந்து என்ன செய்யப் போற? நாள பின்ன எனக்க தங்கச்சின்னு எடம் குடுத்தேன்னு நாலு பேரு பேசுவான். போ மக்கா, போய் ஒனக்க எடத்தில நில்லு.”

அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணம் என்றால் செருப்பால் அடித்துவிட்டுப் போகலாம். இவன் தங்கையைத் தர்மசங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் ஆயுசில் ஆசைப்பட்ட ஒன்றையும் பிடுங்கி அடுத்தவள் தலையில் இறகாகக் குத்திவிட்டான். “யோவ்” என்று நான் வாயைத் திறந்தேன். ரெனி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேனுக்கு வந்துவிட்டாள்.

வேனில் யாருமில்லை. ஆர்ஷாவின் கார்னெட் சீட்டில் கிடந்தது. ரெனி அதை எடுத்து, வாய்ப்பகுதியைத் திருகி, உள்ளே அடைத்திருந்த துணியை ஊசியால் குத்தி இழுத்தாள். நாள்பட்ட துணி, பழுப்பேறி, சுருண்டு வந்தது. வாய்ப்பகுதியைத் திரும்பப் பொருத்தி, சீட்டில் முன்பு கிடந்தபடியே வைத்தாள். துணியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை, தடுக்கிற எண்ணமும் இல்லை.

“இண்ணைக்கு நான் ஊதல்ல” என்றாள்.

கொடிமரத்தடியில் நல்ல கூட்டம். ஆர்ஷா முன்னால் வந்ததும் போன்கள் எல்லாம் உயர்ந்தன. கோயில் பாதிரியாரான பங்கு அச்சன் கையைக் காட்டினார். சப்பரக்காரர்கள் குனிந்து தண்டில் தோளைக் கொடுத்தார்கள். டிரம் நின்றது. குழந்தைகளைக்கூட வாயைப் பொத்தி நிறுத்தினார்கள். ஆர்ஷா கார்னெட்டைத் தூக்கி, வழக்கம்போலக் கன்னத்தை உப்பினாள்.

வழக்கமாக அங்கே துணி இருக்கும், காற்று திரும்பிவிடும். இன்றைக்குத் துணி இல்லை. நல்ல தம் பிடித்திருந்தாள் போல. எருமைக்கு வயிற்றுப்போக்கு வந்த மாதிரி ஒரு சத்தம் குழலின் வாயிலிருந்து வந்து, அந்த அமைதியில் மைதானம் முழுக்கப் போயிற்று.

முதலில் யாரும் சிரிக்கவில்லை, நம்ப முடியாமல். பிறகு எங்கேயோ ஒருவன் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். ஆர்ஷா குழலை எடுத்து உள்ளே பார்த்தாள், பயந்துபோய் மறுபடியும் வாயில் வைத்தாள். மறுபடியும் அதே சத்தம். இறகு நடுங்கியது. அவளும் பாவம்தான். எங்களைப் போலக் கூலிக்கு வந்தவள். அதை ரெனி யோசித்திருக்க வேண்டும். பிறகு நான் அவளிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் அந்த நேரத்தில் நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

சப்பரக்காரர்கள் குனிந்தபடியே நின்றார்கள். வரி வராமல் நிமிரக் கூடாது. ஒருவர் முனகத் தொடங்கினார். பத்மகுமார் குடைகளுக்கு நடுவில் புகுந்து கடைசி வரிசைக்கு ஓடிவந்தார். அவர் பின்னாலேயே ஷிபுவும் வந்தான், என்ன ஆயிற்று என்று தெரியாமல்.

“ரெனீ, ஊது. எந்தா இது? ஊது மோளே, என் மானம் போகுது.”

ஷிபு பத்மகுமாரைப் பார்த்தான். பிறகு ரெனியைப் பார்த்தான். “இவகிட்ட எதுக்கு...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

“எனக்கென்ன தெரியும் சேட்டா” என்றாள் ரெனி. கண் அண்ணன் மேல் இருந்தது. “நான் சும்ம பிடிச்சிட்டு நிக்கிய ஆளுல்லா.”

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கறுத்துச் சிவந்து, உதடு ஒரு கோடு மாதிரி இறுகியிருந்தது. இத்தனை வருடம் இந்தக் கோபத்தை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கே பயமாக இருந்தது. என் கோபமெல்லாம் வாயோடு போய்விடுகிற கோபம். இது வேறு.

பத்மகுமார் கையைக் கூப்பினார். அந்தப் பக்கம் சப்பரத்தின் கீழே இருந்து, “யாராவது எடுங்கடே, தோளு போச்சு” என்று ஒருவர் கத்தினார். அதைக் கேட்டதும்தான் ரெனி தலையைத் திருப்பினாள்.

“அந்த மனுசங்களுக்காகத்தான்” என்றாள். “குடைய மடக்கச் சொல்லுங்க.”

முத்துக்குடைகளை மடக்கினார்கள். எங்கள் கடைசி வரிசை முதல் தடவையாக வெளிச்சத்துக்கு வந்தது. ரெனி ஓர் அடிகூட முன்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே கார்னெட்டைத் தூக்கி, மாதா பாட்டின் முதல் வரியை எடுத்தாள்.

அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மண்டியில் மூட்டைகள் குடித்துவிட்ட சத்தம் அன்றைக்கு மொத்தமாக வெளியே வந்தது. சாந்தமாக வாசிக்க வேண்டிய பாட்டு, அவள் கோபத்தோடுதான் வாசித்தாள். ஒரு சுரமும் பிசகவில்லை. ஆர்ஷாவுக்கு எதிரில் போனைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிறகு நடந்து சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். வரி முடிந்தபோது கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்து நின்றது. கடைசி வரிசைதான் அப்போது முதல் வரிசை. சப்பரக்காரர்கள் ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள், மணி அடித்தது, டிரம் சேர்ந்தது. ரெஷ்மா தூணோரம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றதை நான் மறக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்து அச்சன் ஜெபம் சொல்லத் தொடங்கினார். ஆர்ஷா தொப்பியைக் கழற்றி பத்மகுமாரின் கையில் திணித்து, “எனிக்கு இனி வய்யா சேட்டா, வேற ஆளை நோக்கு” என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டாள். பத்மகுமார் அந்தத் தொப்பியைக் கொண்டுவந்து ரெனியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசியில் என் யூஃபோனியத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஷிபு வந்தான். கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும் என்று நினைத்தேன்.

“மக்கா” என்றான். “இத்தற நாளும் நீயா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. சொன்னாளே, பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னாளே, தோளைத் தட்டினாயே என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் ரெனி குழலின் நெம்பை அழுத்தி ஒரு ஊது ஊதினாள். உள்ளே சேர்ந்திருந்த நீர் வழிந்து அவன் புதுச் செருப்பின் மேலும் விரல்களின் மேலும் விழுந்தது. ஷிபு குனிந்து பார்த்தான். செருப்பை மட்டுமல்ல, தரையையும் பார்த்தான். நான் நின்ற இடம் காய்ந்து கிடந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காய்ந்து கிடந்தது. அவள் நின்ற இடம் மட்டும் நனைந்திருந்தது.

“சொன்னேன்” என்றாள் ரெனி. பையிலிருந்த பழுப்புத் துணியை எடுத்து உதட்டைத் துடைக்கப் போனவள், அது என்ன துணி என்று பார்த்து, அண்ணனின் கையில் கொடுத்தாள். அடுத்த பாட்டுக்குக் கார்னெட்டைத் தூக்கினாள்.